வேலைக்கும் போய்க்கொண்டு ட்ரையத்லான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பயிற்சியாளர் இல்லை, டாக்டரும் இல்லை. சென்னையில் ஆபீஸ் வேலை, வயது 44, இரண்டு பிள்ளைகள், ஏழு வருடமாக நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று அலைகிறேன். சின்னத் தூரப் போட்டிகள் சில, கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 இரண்டு முறை. அந்த இரண்டில் ஒன்று சொதப்பல், அந்தக் கதை கீழே வரும். ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். முக்கால்வாசிப் பதில்கள் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம்மில் அதிகம் பேர் பயிற்சி போதாமல் அவதிப்படுவதில்லை, மெதுவாகப் போக வேண்டிய நாளில் வேகமாகப் போய், சாப்பிட வேண்டிய நேரத்தில் சாப்பிடாமல், தூக்கத்தைத் தியாகம் செய்துதான் விழுகிறோம்.

ட்ரையத்லான் என்றாலே அயர்ன்மேன்தானா? எவ்வளவு தூரம்?

இல்லை. ஸ்பிரிண்ட் என்பது 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதற்கு இரட்டிப்பு: 1.5, 40, 10 கி.மீ. சிட்னி 2000 ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தது இதைத்தான். 70.3 என்பது 1.9, 90, 21.1 கி.மீ.; மைல் கணக்கில் மொத்தம் 70.3 வருவதால் அந்தப் பெயர். முழு அயர்ன்மேன் 3.8, 180, 42.2. எல்லாம் ஒரே மூச்சில், நடுவில் ஷூ மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும்.

முதலில் ஸ்பிரிண்ட் ஒன்றாவது செய்யுங்கள். நேராக 70.3-க்குப் பணம் கட்டிவிட்டு, "இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, என்ன செய்யலாம்" என்று கேட்கிறவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். முடிக்கலாம், முடித்தவர்கள் உண்டு, ஆனால் அந்த ஐந்து மாதமும் பயத்திலேயே போகும்.

டாக்டரைப் பார்க்க வேண்டுமா? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?

35 தாண்டியிருந்தால், அல்லது அப்பா, சித்தப்பா யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈ.சி.ஜி.; அதற்கு மேல் எக்கோவோ டிரெட்மில் டெஸ்ட்டோ தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும். ட்ரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நிகழ்கிறது, அவர்களில் பலருக்கு அதுவரை தெரியாத இதயக் கோளாறு இருந்திருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பயிற்சியில் நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், காரணமில்லாத மூச்சு வாங்கல் வந்தால் 'வாயுத் தொல்லை' என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு மறுநாள் ஓடப் போகாதீர்கள்.

எனக்கு நீச்சலே தெரியாது. 38 வயதில் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். எனக்கு 37-இல் தெரியாது. வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய 50 மீட்டர் குளம் இருக்கிறது, மற்ற ஊர்களிலும் அரசுக் குளங்கள் உண்டு; மாலை நேரத்துக் கும்பலுக்குப் பயந்து காலை முதல் பேட்சில் போய்விடுங்கள்.

பெரியவர்கள் செய்கிற தப்பு பெரும்பாலும் ஒன்றுதான், தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்வது. தலை வெளியே வரும் அந்த அரை நொடியில் பழைய மூச்சை விட்டுப் புது மூச்சையும் இழுக்கப் பார்த்தால் இரண்டும் நடக்காது. முகம் உள்ளே இருக்கும்போதே மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது, முன்னால் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்குவது. தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், அப்புறம் கல்லை இழுத்துக்கொண்டு நீந்துகிற கதைதான். குளத்தின் தரையைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் அடித்துப் பிடித்து நீந்துவதைவிட மூன்று நாள் அரை மணி நேரம் மேல். களைத்த பின் நீந்துவது எல்லாம் தப்பான பழக்கத்தைத்தான் ஊற வைக்கும்.

குளத்தில் 2 கி.மீ. நீந்துகிறேன், கடலில் இறங்கினால் கை கால் உதறுகிறது.

எல்லோருக்கும்தான். அடியில் கோடு இல்லை, பிடிக்கச் சுவர் இல்லை, வாயில் உப்பு, பக்கத்தில் யாரோ ஒருவர் காலால் மூக்கில் உதைக்கிறார். முதல் இரண்டு நிமிடம் மூச்சு தாறுமாறாகப் போவது இயல்பு. அப்போது மல்லாந்து மிதந்து, அல்லது மார்பு நீச்சலுக்கு மாறி, பத்து மூச்சு எண்ணிவிட்டு மறுபடி தொடங்கினால் போதும். மல்லாந்து கொஞ்ச நேரம் மிதந்தால் யாரும் தகுதி நீக்கம் செய்யமாட்டார்கள், கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் இருக்கும் காவலரின் படகைப் பிடித்து ஓய்வெடுக்கவும் அனுமதி உண்டு, அவர் உங்களை முன்னால் இழுத்துப் போகாதவரை.

தனியாக ஒருபோதும் போகாதீர்கள், மெரினா அலையில் இறங்கிப் பழகலாம் என்று நினைக்கவே வேண்டாம். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மீனவர் ஒருவரின் படகு துணையோடுதான் போவோம். மீனவர்கள் நீரோட்டத்தை 'வெள்ளம்' என்பார்கள். "இன்னிக்கு வெள்ளம் சரியில்ல சார், வேணாம்" என்று அந்த அண்ணன் சொன்ன நாட்களில், கடல் எங்கள் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும், திரும்பி வந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். ஒருவேளை நீரோட்டம் உங்களைக் கடலுக்குள் இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த நீரோட்டத்தைவிட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

அப்புறம், நேராகப் போக வேண்டுமென்றால் எட்டு, பத்து கைவீச்சுக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் கொண்டுவந்து, போக வேண்டிய மிதவையைப் பாருங்கள். இதைக் குளத்திலேயே பழகலாம். நம் பக்கக் கடலெல்லாம் வெதுவெதுப்பு, குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடைக்கு வேலையே இல்லை. அந்தப் பணம் மிச்சம்.

என்ன சைக்கிள் வாங்கலாம்?

முதல் போட்டிக்கு, இருப்பதை. பிரேக் பிடிக்க வேண்டும், ஹெல்மெட் வேண்டும், அவ்வளவுதான். தொடர்ந்து செய்யப் போகிறேன் என்று முடிவான பின் ஒரு சாதாரண ரோடு பைக் (மெல்லிய டயர் உள்ள ரேஸ் சைக்கிள்) வாங்கி, மிச்சப் பணத்தில் பைக் ஃபிட்டிங் (சீட்டையும் ஹேண்டில்பாரையும் உங்கள் உடம்புக்குத் தக்கபடி பொருத்துவது) செய்துகொள்ளுங்கள். சீட் உயரம் ஒரு சென்டிமீட்டர் தப்பினால்கூட முழங்கால் மூன்று மாதத்தில் கணக்குக் கேட்கும். பஞ்சர் ஒட்டத் தெரியாமல் லட்ச ரூபாய் சைக்கிளோடு ஈ.சி.ஆர். ஓரத்தில் நின்று மனைவிக்கு போன் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் நான்தான்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

ஸ்பிரிண்டுக்கு நாலைந்து மணி, ஒலிம்பிக் தூரத்துக்கு ஆறு முதல் எட்டு, 70.3-க்கு எட்டு முதல் பதினொன்று. என் வாரம் இப்படிப் போகும்: செவ்வாய், வியாழன் காலை நீச்சல், புதன் காலை ஒரு மணி நேரம் ஓட்டம், வெள்ளி மாலை வீட்டில் டிரெய்னரில் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்ட்) சைக்கிள், சனி விடிகாலை திருவான்மியூரில் தொடங்கி மாமல்லபுரம் பக்கம் நீண்ட சைக்கிள், ஞாயிறு நீண்ட ஓட்டம். திங்கள் ஒன்றும் கிடையாது. இதற்கு நடுவில் இருபது நிமிடம் இரண்டு முறை ஸ்குவாட், கெண்டைக்கால், இடுப்புக்கான பயிற்சி. நாற்பது வயதுக்கு மேல் இதை விட்டால் காயம் வரிசையில் வந்து நிற்கும்.

பிள்ளைக்குக் காய்ச்சல், ஆபீஸில் ரிலீஸ் என்று வாரம் குலைந்தால், விட்டதை அடுத்த நாள் சேர்த்துச் செய்து ஈடுகட்டாதீர்கள். போனது போனதுதான். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாலாவது வாரம் பாதிக்குப் பாதி குறையுங்கள்.

எல்லோரும் 'மெதுவாக ஓடு' என்கிறார்கள். மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும்?

அதிகம் வாதம் செய்கிற கேள்வி இதுதான், நானே ஒரு காலத்தில் நம்பவில்லை. ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர் உலகத் தரமான தூர விளையாட்டு வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று தொகுத்துப் பார்த்தார். அவர்களுடைய பயிற்சியில் ஏறக்குறைய 80 விழுக்காடு எளிதான வேகம், மீதிதான் கடினம். நாமோ ஐந்து நாளும் ஒரே மாதிரி, கொஞ்சம் மூச்சு வாங்குகிற, ஆனால் முழுக் கஷ்டமும் இல்லாத நடுவாந்தர வேகத்தில் போகிறோம். உடம்புக்குச் சோர்வு முழுசாக வரும், பலன் பாதிதான் வரும். எளிதான வேகத்தில் நீண்ட நேரம் போவதால்தான் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியாவும் (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்புகள்) ரத்த நுண்குழாய்களும் பெருகுகின்றன, கொழுப்பை எரிபொருளாக்கும் திறன் கூடுகிறது. அதோடு மறுநாள் எழுந்து மறுபடி செய்ய முடிகிறது, அதுதான் பெரிய விஷயம்.

எது எளிதான வேகம் என்று எப்படித் தெரியும்? 220-இலிருந்து வயதைக் கழிக்கிற சூத்திரத்தை நம்பி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், ஆளுக்கு ஆள் அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு தப்பும். பேச்சுதான் சோதனை. ஓடும்போது வீட்டிலிருந்து போன் வந்து "வரும்போது பால் வாங்கி வா" என்றால், வெறும் "ம்" இல்லாமல், "பச்சை பாக்கெட்டா நீலமா, அரை லிட்டரா ஒரு லிட்டரா, சில்லறை எங்கே வச்ச" என்று மூச்சு முட்டாமல் கேட்க முடிந்தால் அது எளிதான வேகம். சென்னை ஜூன் மாதத்தில் அந்த வேகம் உங்கள் தன்மானத்தைச் சீண்டுகிற அளவுக்கு மெதுவாக இருக்கும், நடக்கக்கூட வேண்டி வரும். வரட்டும். பக்கத்தில் கல்லூரிப் பையன் தாண்டிப் போனால் போகட்டும்.

கடினமான நாள் வாரத்துக்கு இரண்டு போதும், அந்த நாளில் உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும்.

பிரிக் பயிற்சி என்கிறார்களே, அது என்ன செங்கல்?

சைக்கிளை விட்டு இறங்கின உடனே ஓடுவது. முதல் தடவை செய்யும்போது கால் இரண்டும் செங்கல் மாதிரித்தான் இருக்கும், எனவே பெயர் பொருத்தமே. வாரத்துக்கு ஒரு நாள், சைக்கிள் முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் போதும். முதல் கிலோமீட்டரில் உடம்புக்கு வேகமே தெரியாது, மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு பறந்துகொண்டிருப்போம். அதைக் கட்டுப்படுத்தப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் பாதிப் பயன்.

வெயிலை எப்படிச் சமாளிப்பது?

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ரத்தத்தில் நீரின் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறையும். சென்னைக்காரன் எனக்கு வெயில் புதுசா என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏ.சி., காரில் ஏ.சி., ஆபீஸில் ஏ.சி., ஓடுவது காலை ஐந்து மணிக்கு என்றால் உங்களுக்கும் ஸ்வீடன்காரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போட்டியில் ஓட்டம் தொடங்குவதே பத்து, பதினொரு மணிக்குத்தான். போட்டிக்கு முந்தைய மூன்று வாரத்தில், வாரத்துக்கு மூன்று நாள், எளிதான ஓட்டத்தை மட்டும் வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் வேண்டாம்.

2016-இல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த உலகத் தொடரின் கடைசிப் போட்டி வீடியோவை ஒரு முறை பாருங்கள். முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜானி பிரவுன்லி, முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது வெயிலில் தள்ளாடி நின்றுவிடுகிறார், பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டித் தள்ளிவிடுகிறார். அலிஸ்டர் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர், தம்பியும் பதக்கக்காரர். அவர்களுக்கே அந்தக் கதி. கூட ஓடுகிறவர் உளறினால், தள்ளாடினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத் தாக்கு என்று வைத்துக்கொண்டு உடனே நிழலுக்கு இழுத்து, ஐஸ் தண்ணீரில் உடம்பை முக்குங்கள், இல்லாவிட்டால் கையில் கிடைக்கிற தண்ணீரையெல்லாம் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வருகிறவரை நிறுத்தாமல் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? இளநீர் போதாதா?

இங்கேதான் என் கோவாக் கதை. முதல் முறை போனபோது, இயற்கைப் பானத்தை விட்டு எவன் கெமிக்கல் குடிப்பான் என்ற வீறாப்பில், சைக்கிளில் இரண்டு பாட்டில் இளநீர், அப்புறம் வழியெல்லாம் வெறும் தண்ணீர். நிறைய, மிக நிறைய. ஓட்டத்தில் 13-ஆவது கிலோமீட்டரில் வயிறு பானை மாதிரி குலுங்கியது, விரல்களில் மோதிரம் இறுகியது, குமட்டல், தலைவலி. மருத்துவக் கூடாரத்தில் உட்கார வைத்து, தண்ணீரை நிறுத்தி, உப்புச் சூப் கொடுத்தார்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டால் இப்படி ஆகும். இன்னும் குடித்திருந்தால் வலிப்புவரை போயிருக்கலாம்.

இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம், லிட்டருக்கு அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம்வரை, ஆளைப் பொறுத்து. கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு போடுகிற ஆள் என்றால் நீங்கள் அந்த மேல் கணக்கு. இளநீர் பயிற்சி முடிந்தபின் குடிக்க அருமை, நான் இன்றும் குடிக்கிறேன். போட்டிக்கு அது மட்டும் போதாது.

ஓ.ஆர்.எஸ். அதற்கு நேர் எதிர். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். உப்பு தாராளம், ஆனால் அந்தச் சர்க்கரை ஒரு மணி நேர சைக்கிளுக்குக் காணாது. இதை வயிற்றுப்போக்குக்காக வடிவமைத்தார்கள், தொண்ணூறு கிலோமீட்டருக்காக இல்லை.

நான் செய்துகொள்வது: 750 மில்லி பாட்டிலில் 45 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. அந்தக் கால் டீஸ்பூனில் சோடியம் 600 மில்லிகிராமை ஒட்டி வரும். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, நீங்களே அளந்துதான் ஆக வேண்டும். ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, துணி இல்லாமல் எடை பாருங்கள். வந்து துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். என் நோட்டில் ஒரு மே மாதக் கணக்கு: முன் 68.4, பின் 66.9, நடுவில் குடித்தது அரை லிட்டர், ஓடியது 75 நிமிடம். இழந்தது 2 லிட்டர், மணிக்கு 1.6 லிட்டர். அத்தனையையும் ஓடிக்கொண்டே குடிக்க முடியாது, குடிக்கவும் வேண்டாம். தாகத்தை ஒட்டி, மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் எனக்குச் சரியாக வருகிறது. போட்டி முடிந்து எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

ஜெல் (சின்னப் பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்) வாங்க வேண்டுமா? வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதாதா?

சைக்கிளில் போதும். ஓட்டத்தில் சிரமம்.

கணக்கு முதலில். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 400-500 கிராம், கடுமையாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் தாங்கும். அதற்குப் பிறகு திடீரென்று கரண்ட் போன மாதிரி ஆகும்: கால் நகராது, காரணமில்லாமல் அழுகைகூட வரும். எனவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகிற எதற்கும் மணிக்கு 30 முதல் 60 கிராம். நீண்ட போட்டிகளில் 90 கிராம்வரை ஏற்றலாம், ஆனால் அது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்து இருந்தால்தான். குடலில் இரண்டுக்கும் தனித்தனி வாசல், குளுக்கோஸ் வாசலில் மணிக்கு 60 கிராமுக்கு மேல் நுழையாது. நம் வீட்டுச் சர்க்கரை இரண்டும் பாதிப் பாதி சேர்ந்ததுதான், அதனால் அதை ஏளனம் செய்யாதீர்கள்.

பச்சை வாழைப்பழம் நடுத்தரமாக ஒன்று 25 கிராம், கடையில் விற்கிற ஜெல் ஒன்றும் ஏறக்குறைய அதே 20, 25. கடலை மிட்டாயில் வெல்லம் பாதி, வேர்க்கடலையின் கொழுப்பும் புரதமும் மீதி, எனவே செரிக்க நேரமாகும். சைக்கிளின் முதல் மணி நேரத்தில் சாப்பிடலாம். இன்னொரு நடைமுறைச் சிக்கல்: ஜெர்ஸியின் முதுகுப் பையில் வியர்வையும் வெயிலும் சேர்ந்து வெல்லம் இளகி, கோவளம் தாண்டி எதிர்காற்றில் ஒரு கையால் எடுக்கும்போது மிட்டாயும் பிளாஸ்டிக் உறையும் ஒன்றாகிவிட்டிருக்கும்; பல்லால் பிரித்து, உறையில் கொஞ்சத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் வீட்டிலேயே சின்னச் சின்னத் துண்டாக்கி பட்டர் பேப்பரில் சுற்றிக்கொள்கிறேன். கொட்டை எடுத்த பேரீச்சை, உப்புத் தூவின வேகவைத்த உருளைக்கிழங்கு, மினி இட்லிகூடக் கொண்டு போகிறவர்கள் உண்டு. ஓட்டத்தில் மெல்லவே முடியாது, அங்கே ஜெல்லோ சர்க்கரைத் தண்ணீரோதான். ஜெல்லைத் தண்ணீரோடு எடுங்கள், இனிப்புப் பானத்தோடு எடுத்தால் வயிறு கட்டிக்கொள்ளும்.

சைக்கிளில் ஏறிப் பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வாட்ச் அலாரம் வைத்துச் சாப்பிடுங்கள். பசிக்கட்டும் என்று காத்திருந்தால் தாமதம். குடலையும் பழக்க வேண்டும், பயிற்சியில் சாப்பிடாத எதையும் போட்டியில் வாயில் வைக்காதீர்கள். ஹவாயில் 1978-இல் நடந்த முதல் அயர்ன்மேனில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜான் டன்பாருக்கு உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் பீரைக் கொடுத்தார்கள். அவரைத் தாண்டிப் போய் கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் ஜெயித்தார். 15 பேர் கிளம்பிய போட்டியில் 12 பேர் முடித்தார்கள்.

சாதாரண நாளில் என்ன சாப்பிடுவது? நான் சைவம்.

சோற்றைக் கண்டு பயப்படாதீர்கள். நீண்ட பயிற்சி நாளில் சோறும் இட்லியும்தான் பெட்ரோல், ஓய்வு நாளில் ஒரு கரண்டி குறைத்துக் காய்கறி, பருப்பைக் கூட்டினால் சரி. நம் தட்டில் உண்மையாகவே குறைவது புரதம். உடல் எடை கிலோவுக்கு 1.4 கிராமாவது வேண்டும், 65 கிலோ ஆளுக்கு 90 கிராம். இரண்டு இட்லி, சாம்பார், மதியம் ரசம் சோறு, ராத்திரி தோசை என்றால் அதில் பாதிகூட வராது. கெட்டிப் பருப்பு, சுண்டல், பன்னீர், சோயா, தயிர்; முட்டை சாப்பிடுகிறவர் என்றால் முட்டை ஒன்றுக்கு 6 கிராம். ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும். அப்படியும் வராவிட்டால் புரதப் பவுடர் வாங்குவதில் பாவம் ஒன்றும் இல்லை.

சைவர்களும் பெண்களும் வருடத்துக்கு ஒரு முறை ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரை தட்டியிருக்கலாம். சாப்பாட்டோடு காபி, டீ குடிப்பது இரும்பு சேர்வதைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

போட்டிக்குள் எட்டு கிலோ குறைக்கப் பார்க்கிறேன். நடுவில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பயிற்சியைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டையும் வெட்டினால் முதலில் தூக்கம் கெடும், பிறகு எரிச்சல், அடிக்கடி சளி, எலும்பில் நுண்விரிசல். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ 'நன்றாகப் பயிற்சி செய்கிறேன்' என்பதற்கு அடையாளம் இல்லை, போதுமான அளவு சாப்பிடவில்லை என்பதற்கு அடையாளம். உடனே டாக்டரைப் பாருங்கள். எடை குறைக்க வேண்டும் என்றால் போட்டிக் காலத்துக்கு வெளியே, மாதம் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ என்று மெதுவாக.

காபி?

தாராளமாக. காஃபீன் உதவுகிறது என்பது நன்றாக நிரூபணமான சில விஷயங்களில் ஒன்று, கிலோவுக்கு 3 மில்லிகிராம் போதும். தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன் திக்கான டிகாக்‌ஷன் ஒரு டம்ளர். கழிப்பறை வரிசையையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போட்டியன்று முன்கூட்டியே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள், வியர்த்து வற்றியிருக்கும் உடம்பில், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், சோடியம் குறைவதையும் மோசமாக்கும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலை என்றால் அன்றைக்கு ஓடாதீர்கள்.

தூக்கம், மசாஜ், ஐஸ் குளியல்: எது உபயோகம்?

தூக்கம். அதற்குப் பக்கத்தில் வரக்கூட வேறு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு சாப்பாடு. மற்றதெல்லாம் மேல்பூச்சு. மசாஜ் துப்பாக்கி, அழுத்தக் காலுறை, காற்றடைத்த பூட் எல்லாம் சுகமாக இருக்கும், சுகமாக இருப்பதும் ஒரு பயன்தான். ஐஸ் குளியல் வலியைக் குறைக்கும், ஆனால் எடைப் பயிற்சி செய்த நாளில் எடுத்தால் தசை வளர்ச்சியையே மட்டுப்படுத்தும்.

காலை நாலரைக்கு எழ வேண்டும் என்றால் ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும், இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ராத்திரி பன்னிரண்டுவரை அமெரிக்காக்காரனோடு மீட்டிங் இருந்த மறுநாள் காலை நான் எழுவதில்லை. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் செய்கிற இன்டர்வல் பயிற்சியைவிட (வேகமும் மெதுவுமாக மாறி மாறிச் செய்வது), தூங்கிவிட்டு மாலையில் நாற்பது நிமிடம் மெதுவாக ஓடுவது மேல். காலையில் படுக்கையிலேயே எடுக்கும் இதயத் துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடி இரண்டு நாள் அப்படியே இருந்தால் உடம்பு ஏதோ சொல்கிறது.

சளி, காய்ச்சல் வந்தால்?

வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக ஏதாவது செய்யலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி என்றால் முழு நிறுத்தம். வைரஸ் காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசை வீங்கும் அபாயம் உண்டு. டெங்கு வந்து போனவர்கள் வாரக்கணக்கில் பொறுமையாக இருக்க வேண்டும், டாக்டர் சரி என்ற பிறகே ஷூ.

முழங்கால் வலிக்கிறது. ஓடிக்கொண்டே சரியாகுமா?

ஓடத் தொடங்கியதும் குறைந்து மறுநாள் காலையில் கூடாமல் இருந்தால் அளவைக் குறைத்துத் தொடரலாம். ஓட ஓடக் கூடினால், நொண்ட வைத்தால், எலும்பில் ஒரு புள்ளியில் விரல் வைத்தால் சுள்ளென்றால், நிறுத்திவிட்டு பிசியோவிடம் போங்கள். நல்ல வேளையாக நமக்கு மூன்று விளையாட்டு, ஓட முடியாத மாதத்தில் நீச்சல் முன்னேறும்.

கடைசி வாரம் என்ன செய்வது?

குறைவாக. கடைசி இரண்டு வாரத்தில் அளவைப் பாதியாக்குங்கள், வேகத்தை மட்டும் சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சமயத்தில் இல்லாத வலியெல்லாம் வரும், தொண்டை கரகரக்கும், தயாராகவில்லை என்று மனசு அடித்துக்கொள்ளும், எல்லோருக்கும் அப்படித்தான். கடைசி இரண்டு நாள் சோற்றைக் கூட்டி, கீரை, கொண்டைக்கடலை, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள். போன இடத்தில் மீன் வறுவல் நன்றாக இருக்கிறதே என்று முந்தின ராத்திரி கை வைக்காதீர்கள், போட்டி முடிந்தும் அது அங்கேயேதான் இருக்கும். காலை இரண்டரை, மூன்று மணி நேரம் முன் நாலு இட்லி, கொஞ்சம் சர்க்கரை, காரப் பொடி வேண்டாம்.

ஒரு விதி மட்டும் மறக்கக் கூடாது: சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்கு முன் ஹெல்மெட் பக்கிள் மாட்டியிருக்க வேண்டும். அக்குள், தொடை, கழுத்து மூன்று இடத்திலும் வாஸ்லின். கழுத்தை மறந்தால் மறுநாள் சட்டை காலர் ஞாபகப்படுத்தும்.

முடித்த மறுநாள்?

படியில் இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள், வலி குறையும். சுற்றி நடங்கள், தயிர் சாதம் சாப்பிடுங்கள், ஒரு வாரம் ஓடாதீர்கள். வீட்டில் இத்தனை மாதம் சனிக்கிழமைக் காலைகளைத் தனியாகச் சமாளித்தவருக்கு அடுத்த நாலு சனிக்கிழமையைக் கொடுங்கள், காய்கறிப் பையோடு. அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதைப் பதினைந்து நாள் தள்ளிப்போடுங்கள். நான் இரண்டாம் முறை கோவாவுக்கு, மருத்துவக் கூடாரத்திலிருந்து வெளியே வந்த அன்று ராத்திரியே கட்டிவிட்டேன். பேங்க் மெசேஜை வீட்டில்தான் முதலில் பார்த்தார்கள்.